மூன்று முறை பழுது பார்த்தும் நிற்காத ஆயில் கசிவு: வாகனம் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடைய பெட்ரோல் ஹேட்ச்பேக் காருக்கு ஒன்பது வயதாகிறது, 90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஒன்றரை ஆண்டாக வீட்டுப் போர்டிகோ தரையில் இன்ஜின் ஆயில் சொட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங்கை மாற்றினார்கள். சில வாரங்களில் மீண்டும் கசியவே, அதே பேக்கிங்கை மறுபடியும் மாற்றிச் சுற்றிலும் அனபாண்டு பசை பூசினார்கள். அதற்குப் பிறகு முன்பக்கக் கிராங்க் சீலை (கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) மாற்றினார்கள். ஊருக்குள் ஓட்டினால் கசிவு அவ்வளவாகத் தெரிவதில்லை. சேலம், கோவை என்று நெடுஞ்சாலையில் போய்வந்தால் மட்டும் மறுநாள் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது எண்ணெய் கருகும் வாடையும் வருகிறது. இப்போது மெக்கானிக், "பின்பக்கக் கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்கிறார். இறக்கச் சொல்லலாமா? – நாமக்கல் வாசகர்

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம். உங்கள் மெக்கானிக் சொல்வது கடைசியில் சரியாகவே இருக்கக்கூடும். ஆனால் ஆயில் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை யாரேனும் கண்ணால் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் குறிப்பு இல்லை. மூன்று முறையும் ஈரமாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்திலுள்ள பாகத்தை மாற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. கசிந்த ஆயில் இன்ஜினின் சுவர் வழியாகக் கீழே இறங்குகிறது. கார் ஓடும்போது அடியில் பாயும் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. போல்ட் தலைகளிலும் விளிம்புகளிலும் தேங்கி அது திசை மாறுகிறது. ஆகவே மேல் மூலையில் தொடங்கும் கசிவு, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சேம்பரின் பின் ஓரத்திலிருந்து சொட்டுவதில் வியப்பில்லை. சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரம் படிந்த பகுதியிலேயே மிக உயரத்தில், மிக முன்னால் இருக்கும் புள்ளியைத்தான் தேட வேண்டும்.

அதைத் தேடுவதற்கு முன் இன்ஜினைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒன்றரை ஆண்டுக் கசிவும் அதன்மேல் ஒட்டிய புழுதியும் சேர்ந்து எல்லா இடமும் ஒரே கறுப்பாக இருக்கும் இன்ஜினில், எந்த அனுபவசாலியாலும் புதிய கசிவைப் பழையதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பெட்டி, இக்னிஷன் காயில்கள் ஆகியவற்றைப் பாலித்தீன் உறையால் மூடிவிட்டு, டீகிரீஸர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மிதமான அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ கொண்டு கழுவும் வழக்கம் பல ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது; அது எக்ஸாஸ்ட் பகுதியில் மிச்சம் இருந்தால் தீப்பிடிக்கும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு இருந்தால் அதையும் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும். இது சிறிய விஷயம்போலத் தெரிந்தாலும் பலர் ஏமாறும் இடம் இதுதான்: அந்தத் தட்டிலும் குறுக்குச் சட்டத்தின் குழிகளிலும் தேங்கிய பழைய ஆயில், கசிவு முற்றிலும் நின்ற பிறகும் பல நாள் சொட்டிக்கொண்டிருக்கும். உங்கள் காரில் செய்த முதல் பழுதுபார்ப்பு வெற்றி பெற்றும் இந்தப் பழைய ஆயிலால் தோல்வி என்று முடிவு கட்டப்பட்டிருந்தால்கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சுத்தம் செய்து உலர்ந்த பிறகு, ஆயில் கசிவைக் காட்டுவதற்கென்றே விற்கப்படும் ஒளிரும் சாயத்தை, புட்டியில் எழுதியுள்ள அளவின்படி, இன்ஜின் ஆயிலில் கலக்கச் சொல்லுங்கள். அது பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்கு உரியதா என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி வாயுக்கசிவைப் பார்க்கும் சாயம் வேறு. கலந்த பின் அரைமணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு, இருட்டான இடத்தில் புற ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தால், கசியும் இடத்தில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் கோடு ஒளிரும். உங்கள் காரில் கசிவு நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பிறகே வருவதால், நின்ற இடத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது போதாது. ஐம்பது கிலோமீட்டர் வேகமாக ஓட்டிவிட்டு நேராக லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும்; ஒன்றும் தெரியாவிட்டால் இன்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே பார்ப்பது முக்கியம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சாயமும் எல்லா இடத்திலும் பரவிவிடும். சாயம் கிடைக்காத ஊரில், சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு ஓட்டிப் பார்ப்பது பழைய, ஆனால் பலன் தரும் முறை.

பின் சீல் என்று சொல்வதற்கு முன் விலக்க வேண்டிய சந்தேகங்கள் சில உண்டு. முன்சக்கர இயக்கமுள்ள சிறிய கார்களில் இன்ஜின் குறுக்காகப் பொருத்தப்பட்டிருப்பதால், பின் சீல் என்பது உண்மையில் காரின் பக்கவாட்டில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கிறது. அந்த இணைப்புக்கு நேர் மேலேதான் டேப்பெட் கவரின் ஒரு முனை வருகிறது. பல இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் சென்ஸாரும் அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் அதே முனையில் இருக்கின்றன. சில இன்ஜின்களில் ஆயில் பிரஷர் ஸ்விட்சும் அருகிலேயே இருக்கிறது; அது உள்ளே பழுதானால் ஆயில் வயர் கனெக்டர் வழியாகவே வெளியே வரும். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இவற்றில் எது கசிந்தாலும் ஆயில் கிளட்ச் கூட்டின் மேல் வழிந்து அடியில் சொட்டும். கீழிருந்து பார்ப்பவருக்குப் பின் சீல் போனது போலவே இருக்கும். சென்ஸார் ஓ-ரிங்கை மாற்றச் சில நிமிடங்கள் போதும். கியர்பாக்ஸை இறக்கினால் ஒரு நாள் வேலை. எளியதையும் மலிவானதையும் முதலில் விலக்குவதே முறை.

எண்ணெய் கருகும் வாடையைப் பற்றி நீங்கள் எழுதியது என் சந்தேகத்தை மேல்நோக்கித் திருப்புகிறது. பின் சீலிலிருந்து வரும் ஆயில் கிளட்ச் கூட்டுக்குள்ளிருந்து தரையில் விழும். இன்ஜினின் புகை வெளியேறும் சூடான குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொட அதற்குப் பொதுவாக வழியில்லை. வாடை வருகிறது என்றால் ஆயிலின் ஒரு பங்காவது மேலிருந்து மேனிஃபோல்டின் மேல் விழுகிறது. டேப்பெட் கவரின் எக்ஸாஸ்ட் பக்க ஓரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேனிஃபோல்டில் தொடர்ந்து ஆயில் விழுவது தீ அபாயம் என்பதால், புகை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்தால் கண்டுபிடிக்கும் வரை நீண்ட பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து நான் சொல்வது உங்கள் கேள்வியின் மையம் என்று நினைக்கிறேன். ஒரே பேக்கிங் இருமுறை தோற்று, பிறகு வேறொரு சீலும் மாற்றப்பட்டு, கசிவு வேகமான ஓட்டத்தில் மட்டும் கூடுகிறது என்றால், பேக்கிங்கைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க் அறைக்குள் இறங்குவது எல்லா இன்ஜின்களிலும் உண்டு. முற்காலத்தில் அதை ஒரு குழாய் வழியாக வெளிக்காற்றில் விட்டுவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் 1961ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து, புகைமாசைக் குறைப்பதற்காக, அந்த வாயுவை, இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் வழியாக இழுத்து மறுபடியும் எரிக்கும் பிசிவி வால்வு வழக்கத்துக்கு வந்தது. இன்று உங்கள் காரிலும் அது இருக்கிறது. இந்த வால்வோ அதன் ஹோஸோ ஆயில் பிசுக்கால் அடைத்துக்கொண்டால், குக்கரின் விசில் அடைத்துக்கொண்ட கதைதான்: உள்ளே சேரும் வாயு எந்தப் பேக்கிங் இளக்கமாக இருக்கிறதோ அதன் வழியாக ஆயிலையும் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது கீழிறங்கும் வாயு குறைவு. நெடுஞ்சாலையில், சுமையோடும் அதிகச் சுழற்சியோடும் இன்ஜின் ஓடும்போது அது பெருகுகிறது. உங்கள் கசிவின் போக்கும் இப்படியே இருக்கிறது.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. இன்ஜின் சூடான பின், ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் மெல்லிய காகிதம் ஒன்றை வையுங்கள். காகிதம் மெதுவாக உள்நோக்கி இழுக்கப்பட்டால் பிசிவி அமைப்பு வேலை செய்கிறது. லேசாகத் துடித்தாலும் கவலையில்லை. காகிதம் தூக்கி எறியப்பட்டு, வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் உள்ளே அழுத்தம் தேங்குகிறது. பிறகு பிசிவி வால்வைக் கழற்றி, இன்டேக் ஹோஸோடு சேர்த்தே பிடித்து, அதன் முனையை விரலால் மூடிப் பாருங்கள். ஐடிலில் நல்ல இழுவை தெரிய வேண்டும். பெரும்பாலான வால்வுகளைக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரும். சத்தமே இல்லாவிட்டால் உறைந்துவிட்டது என்று பொருள். வால்வு மலிவான பாகம். சுத்தம் செய்து மாட்டுவதை விடப் புதிதாக மாற்றிவிடலாம். சில இன்ஜின்களில் வால்வு தனியாக இல்லாமல் டேப்பெட் கவருக்குள்ளேயே ரப்பர் டயஃப்ரமாக அமைந்திருக்கும்; அங்கே கவரையே மாற்ற நேரிடலாம். வால்வும் ஹோஸும் நன்றாக இருந்தும் காகிதம் தூக்கி எறியப்பட்டால், ரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையும் லீக்-டவுன் சோதனையும் செய்த பிறகே எந்தச் சீலுக்கும் பணம் செலவழிக்க வேண்டும்.

பேக்கிங் இருமுறை மாற்றிய விதத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இன்றைய டேப்பெட் கவர் பேக்கிங் பெரும்பாலும் வார்ப்பு ரப்பர். அது கவரின் பள்ளத்தில் உலர்ந்த நிலையில் உட்கார வேண்டும். சுற்றிலும் பசை பூசினால், போல்ட்டை இறுக்கும்போது ரப்பர் வழுக்கிப் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கிவிடும். பசை தேவைப்படுவது பல இன்ஜின்களில் சில மூலைகளில் மட்டுமே: சிலிண்டர் ஹெட்டும் டைமிங் கவரும் சந்திக்கும் கோட்டிலும், கேம்ஷாஃப்ட் தாங்கிகளின் வளைவு முடியும் இடத்திலும் ஒரு சிறு துளி. அதிகமாகப் பூசிய பசைக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. உட்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து சேம்பரிலுள்ள ஆயில் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். கசிவை நிறுத்தப் போய் இன்ஜினுக்கு ஆயிலே ஏறாமல் செய்துவிடக்கூடாது. போல்ட்டுகளின் இறுக்கமும் அவ்வாறே. இந்தக் கவர் போல்ட்டுகளுக்கு உற்பத்தியாளர்கள் தரும் அளவு பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். அது கைப்பிடியின் மெல்லிய அழுத்தம்தான். கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் கவர் வளைந்து, போல்ட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விழும். உங்கள் காருக்குரிய அளவைக் கேட்டு, டார்க் ரெஞ்சால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றாக இறுக்கச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் கவரைத் தட்டையான கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்து ஆடுகிறதா என்று பார்க்கவும். ஆடினால் எத்தனை பேக்கிங் மாற்றியும் பயனில்லை.

இத்தனைக்கும் பிறகு, மேற்பகுதியெல்லாம் உலர்ந்திருக்க, கிளட்ச் கூட்டின் அடித்துளையிலிருந்து மட்டும் புதிய ஆயில் வருகிறது என்றால் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. பல கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால் அந்தத் துவாரம் வழியாகச் சிறிய எண்டோஸ்கோப் கேமராவை விட்டு உள்ளே பார்க்க முடியும். வருவது இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா என்பதையும் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் போனாலும் இதே துளையிலிருந்துதான் சொட்டும். கியர் ஆயில் பொதுவாகப் பிசுபிசுப்பு அதிகமாகவும், கந்தகம் கலந்த காரமான வாடையோடும் இருக்கும். இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ, அந்த வாடை இல்லாமல் இருக்கும்.

கேள்வி: எங்கள் காரில் பின் ஆயில் சீல் கசிவதை லிஃப்டில் ஏற்றிக் காட்டிவிட்டார்கள், சந்தேகமில்லை. கியர்பாக்ஸை இறக்கும்போது வேறு என்னென்ன பார்க்கச் சொல்ல வேண்டும்? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: இந்த வேலையில் சீலின் விலை சொற்பம், கூலிதான் செலவு. ஆகவே மறுமுறை இறக்க நேராதபடி பார்த்துக்கொள்வதே சிக்கனம். கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் அதைத் துடைத்து மாட்டுவதில் பயனில்லை, மாற்றியாக வேண்டும். படாமல் இருந்தாலும் தேய்மானம் பாதியைத் தாண்டியிருந்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் இன்புட் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். சில இன்ஜின்களில் ஃபிளைவீல் போல்ட் துளைகள் கிராங்க் அறைக்குள் திறந்திருப்பதால், அந்த போல்ட்டுகளின் மரை வழியாகவும் ஆயில் வரும். அங்கே மரைக்குப் பசை பூசி, புதிய போல்ட் போட வேண்டும் என்று சர்வீஸ் கையேடு சொல்லியிருக்கும்.

சீலைப் பொருத்துவதில்தான் பெரும்பாலான தோல்விகள் நடக்கின்றன. பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கும்போது கிராங்க் ஷாஃப்டில் ஒரு கீறல் விழுந்தால், புதிய சீல் முதல் நாளிலிருந்தே கசியும். பழைய சீலின் உதடு ஓடிய இடத்தில் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்; பள்ளம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம், கையேடு அனுமதித்தால். இல்லையேல் ஷாஃப்டின் மேல் மெல்லிய உலோக வளையம் ஏற்ற வேண்டும். ரப்பர் உதடுள்ள சீலுக்கு ஆயில் தடவி மாட்டுவது வழக்கம். டெஃப்லான் உதடுள்ள சீலுக்கு அது கூடாது. அதை உலர்ந்த நிலையிலேயே, கூட வரும் பிளாஸ்டிக் வளையத்தோடு ஏற்றி, உற்பத்தியாளர் சொன்ன நேரம் வரை இன்ஜினை ஓட்டாமல் வைத்திருக்க வேண்டும். எந்த வகை வந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மாட்டச் சொல்லுங்கள். பிசிவி வால்வைப் பற்றி மேலே நாமக்கல் வாசகருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: கசிவை நிறுத்தும் திரவத்தை ஆயிலில் கலந்தாலோ, கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றினாலோ போதும் என்று நண்பர் சொல்கிறார். என் காருக்குக் கையேட்டில் 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கிறது. – மதுரை வாசகர்

பதில்: கெட்டியான ஆயில் வேண்டாம். 0டபிள்யூ-20 ஆயிலுக்காக வடிவமைக்கப்பட்ட இன்ஜினில் ஆயில் பாதைகளும் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் அந்த மெல்லிய ஆயிலைக் கணக்கிட்டே செய்யப்பட்டவை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கெட்டி ஆயில் மேற்பகுதிக்கு ஏறத் தாமதமாகும். கசிவு சற்றுக் குறைவது போலத் தோன்றும் என்பது உண்மை. ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும். கசிவை நிறுத்தும் திரவங்கள் பெரும்பாலும் காய்ந்து சுருங்கிய ரப்பரை மறுபடியும் ஊதி மென்மையாக்கும் பொருள்கள். வயதால் இறுகிய சீலில் மெல்லிய கசிவு இருந்தால் சில மாதம் தள்ளிப்போட அவை உதவலாம். கிழிந்த பேக்கிங்கையோ வளைந்த கவரையோ பள்ளம் விழுந்த ஷாஃப்டையோ அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. காரை விற்கும் எண்ணமிருந்து, வாங்குபவரிடம் மறைக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால், அதற்கு நான் யோசனை சொல்வதற்கில்லை.

கேள்வி: ஆயில் மாற்றிய மறுநாளே காரின் அடியில் குளம்போல ஆயில் தேங்கியது. அதற்கு முன் ஒரு சொட்டும் கசிந்ததில்லை. – தாம்பரம் வாசகர்

பதில்: ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதும், அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரை அதன்மேலேயே திருகிவிடுவதும் அடிக்கடி நடப்பவை. இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் ஓட்டத்தில் அழுத்தம் ஏறியதும் ஒன்று பிதுங்கி, சில நிமிடங்களில் சேம்பர் காலியாகிவிடும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும். ஃபில்டரில் இல்லையென்றால் டிரெய்ன் பிளக்கைப் பாருங்கள். அதன் செம்பு அல்லது அலுமினிய வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அதிகமாக இறுக்கி மரை போயிருந்தால், சேம்பரில் புதிய மரைச் சுருள் பதிப்பதே முறையான பழுதுபார்ப்பு. ஃபில்டரின் புதிய வளையத்தில் ஆயில் தடவி, அது இன்ஜினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும்.

கேள்வி: டேப்பெட் கவர் ஓரத்தில் ஈரமாகப் புழுதி ஒட்டியிருக்கிறது, தரையில் சொட்டுவதில்லை. உடனே மாற்ற வேண்டுமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: உடனே வேண்டாம். ஈரம் படிவதும் சொட்டுவதும் வேறு. பத்து வயதுக் காரில் முதலாவது சகஜம். ஈரத்தைத் துடைத்துவிட்டு, சமதளத்தில், இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறித்துவையுங்கள். பல கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் வித்தியாசம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் அளவு அசையவில்லை என்றால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கலாம். ஸ்பார்க் பிளக் குழிகளில் ஆயில் இறங்கியிருக்கிறதா என்பதை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். இறங்கியிருந்தால் இக்னிஷன் காயிலின் ரப்பர் உறை கெட்டு இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகும் என்பதால் அந்தக் குழாய்ச் சீல்களையும் கவர் பேக்கிங்கையும் தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும்.